தாது ஆலைக்குக் கையடக்க அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரோமீட்டர்: வாங்கலாமா?

மாதிரியில் பட்டுத் திரும்பும் ஒளியை 350 முதல் 2500 நானோமீட்டர் அலைநீளம் வரை அளக்கும், முனையிலேயே ஹாலோஜன் விளக்கு வைத்த கையடக்கக் கருவிகள் பற்றியது இது. தாதுவில் செம்பு எவ்வளவு என்று இவற்றிடம் கேட்காதீர்கள். பைரைட் (இரும்பு சல்பைடு), சால்கோபைரைட் (செம்பு-இரும்பு சல்பைடு) இரண்டும் இந்த அலைநீளங்களில் தனி அடையாளம் காட்டுவதில்லை. அதற்கு, எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் போதும்.

களிமண், டால்க், கார்பனேட் என்று வந்தால் கதையே வேறு. ஆலைக்குத் தலைவலியும் இவைதானே! நுரையில் மிதக்கவைத்துத் தாதுவைப் பிரிக்கும்போது, டால்க் கூப்பிடாமலே நுரையில் ஏறி, பிரித்தெடுத்த செறிவின் தரத்தைக் கெடுக்கும். மாண்ட்மோரிலோனைட் என்ற வீங்கும் களிமண், தாதுக் கூழைக் கெட்டியாக்கும். கார்பனேட்டான கால்சைட் அமிலத்தைக் குடித்துத் தீர்க்கும். மாதிரி ஆலைக்குள் போகுமுன்பே, சில நொடிகளில் இவை தெரிந்துவிடுகின்றன.

கனிமம் ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில் வளைவில் பள்ளம் விழும். கயோலினைட் களிமண்ணுக்கு 2160, 2206 நானோமீட்டரில் இரட்டைப் பள்ளம். மாண்ட்மோரிலோனைட்டுக்கு 2208 அருகே ஒற்றைப் பள்ளம், கூடவே 1910-இல் ஆழமான நீர்ப் பள்ளம். சிக்கலும் அங்கேதான்: மாதிரி ஈரமாக இருந்தால் எல்லாக் கனிமத்துக்கும் 1900 பக்கம் ஆழமாகிவிடும், மென்பொருள் வீங்கும் களிமண் என்று சொல்லிவிடும். உலர்த்தியே ஆக வேண்டும், ஆனால் 105 டிகிரி வேண்டாம்; ஜிப்சம் தன் நீரை இழக்கத் தொடங்கும். 40 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் நல்லது.

மென்பொருளின் தானியங்கி அடையாளத்தை அப்படியே நம்புவது ஆபத்து. மைக்காவோடு கொஞ்சம் கயோலினைட் கலந்திருந்தால் 2160-இல் சிறு தோள் மட்டுமே தெரியும். பட்டியலில் மைக்கா பெயர்தான் வரும். 2340 பக்கப் பள்ளம் கால்சைட்டா, குளோரைட் என்ற சிலிகேட் கனிமமா என்ற குழப்பத்துக்கு 2250-ஐப் பாருங்கள். அங்கும் பள்ளம் இருந்தால் குளோரைட் இருக்கிறது.

விளக்கு அரை மணி நேரம் சூடேறட்டும். ஒப்பீட்டுக்கான வெள்ளைத் தட்டில் கால் மணிக்கொரு முறை அளவைச் சரிபாருங்கள். அதில் தூசி படிந்தால் அன்றைய வளைவுகள் எல்லாமே கோணல்தான். மேக்னடைட் மிகுந்த கறுப்பு மாதிரியில் ஒளி திரும்பி வராது, இரைச்சல்தான் மிஞ்சும்.

சதவீதக் கணக்கு வேண்டுமென்றால் அதே சுரங்கத்தின் மாதிரிகளை எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலால் கனிமங்களை அறியும் முறை) அளந்து, ஒரே அரைப்பு அளவில் ஒப்பீட்டு அட்டவணை தயாரியுங்கள். கருவியோடு வரும் பொது அட்டவணை இதற்கு உதவாது. குவார்ட்ஸ்தான் உங்கள் கவலை என்றால் இது வேண்டாம். செ.மீ.⁻¹ கணக்கில் 798, 779 அலை எண்களில் குவார்ட்ஸின் இரட்டை முகட்டைக் காட்டும் நடு அகச்சிவப்பு எஃப்டிஐஆர் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்குங்கள்.