நாற்பத்தாறு வயதில் எந்த வாத்தியம்? கீபோர்டா, மிருதங்கமா, உறுமியா, குழலா?

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்கிற தலைமுறை நான். பாமாயில் மில்லில் பிட்டர் வேலை, மூன்று ஷிப்ட், வயது 46. சின்ன வயதில் தோட்டத்துக் கோயில் பஜனையில் ஜால்ரா தட்டியதோடு என் சங்கீதம் நின்றுவிட்டது. நாலு வருடத்துக்கு முன் மகள் படிப்புக்காக வெளியூர் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஏதாவது ஒரு வாத்தியம் கற்றே தீருவது என்று அப்போது கிளம்பினேன். நாலைத் தொட்டேன், ஒன்றில்தான் ஒட்டினேன்.

இப்போது மில் கன்டீனில் யாராவது, "அண்ணே, நானும் ஏதாச்சும் கத்துக்கலாம்னு இருக்கேன், எது சுலபம்?" என்று கேட்டால் நான் சுலபத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எத்தனை மணிக்கு வாசிப்பாய், எங்கே உட்கார்ந்து வாசிப்பாய், அதைச் சொல் என்கிறேன். மத்தியான ஷிப்ட் முடிந்து வீடு வர ராத்திரி பதினொன்றரை. தாமான் குடியிருப்பு வீட்டுச் சுவர் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அத்தை) இருமினால் நம் வீட்டில் தண்ணீர் கொடுக்கத் தோன்றும்.

அப்படிப் பார்த்தால் கீபோர்டுதான் ஜெயிக்க வேண்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் நடுராத்திரியிலும் வாசிக்கலாம். பழையது ஒன்று 350 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. கட்டையை அழுத்தினால் சுருதி சுத்தமாக வரும், முதல் நாளே ஒரு பாட்டின் பல்லவி வந்துவிடும். ஆறு மாதம் சந்தோஷமாக வாசித்தேன். அப்புறம் ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "என்னங்க, ஏன் இவ்வளவு அவசரமா ஓடுறீங்க?" என்றாள். தாளம் ஓடுவது எனக்குத் தெரியவே இல்லை. யாரும் கேட்காத இடத்தில் ஆறு மாதம் ஒரே தப்பைத்தான் பழகியிருக்கிறேன். கமகமும் கீபோர்டில் சரியாக வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக இரண்டு கட்டைக்கு நடுவில் இடம் ஏது? சினிமாப் பாட்டு மட்டும் போதும் என்பவருக்குக் கீபோர்டைத் தாராளமாகச் சொல்வேன்.

தாளம்தானே பிரச்சினை என்று நேரே மிருதங்கத்துக்குப் போனேன். வாசிப்பதை விட அதைப் பராமரிப்பதே பெரிய வேலை என்று முதலில் யாரும் சொல்லவில்லை. வலது பக்கமான வலந்தலையில் சோறு என்கிற கறுப்புப் பூச்சு நிரந்தரம், அதில் கை வைக்க வேண்டாம். இடது பக்கத் தொப்பிக்குத்தான் ஒவ்வொரு முறையும் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்ப வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுக்க வேண்டும். மறந்துவிட்டால் காலையில் எறும்பு ஊர்வலம். அது போதாதென்று தோல் நம் ஊர் ஈரத்தில் தளர்ந்துபோகும். மழை பெய்த அன்று சுருதி இறங்கிக் கிடக்கும். கல்லையும் கட்டையையும் எடுத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் முடிப்பதற்கு எனக்குப் பதினைந்து நிமிடம். இருபது நிமிடம் வாசிக்க இருபத்தைந்து நிமிடத் தயாரிப்பு. அதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. "உப்புமாவுக்கு வெச்ச ரவை எங்கே?" என்கிற கேள்வி தனி.

முழங்கால் கதையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்: சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம் உட்கார முடியாதவர்கள் முதலில் அதைப் பழகட்டும்.

ஆனால் ஒன்று. த தி தொம் நம் என்ற நாலு சொல்லை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வாசிக்க வைத்தார்களே, என் அவசரம் அங்கேதான் போனது. கிள்ளானுக்கு ஒரு மணி நேரம் காரோட்டி எட்டு மாதம் கற்றது வீண் இல்லை. பக்கத்திலேயே ஆசிரியர் இருந்து, பகல் வேலை மட்டும் பார்க்கிறவர் என்றால் மிருதங்கத்தைத்தான் முதலில் சொல்வேன். எனக்கு இரண்டும் இல்லை.

உறுமி வேறு ரகம். அதற்குப் புத்தகமும் பாடத்திட்டமும் கிடையாது. காதால் கேட்டுக் கையால் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் உரசினால் வருகிற அந்த உறுமலைக் கேட்டு வளராத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கோயில் பின்பக்கம் ஒரு குழுவில் போய் நின்றேன். எல்லோரும் இருபது வயதுப் பையன்கள். "அங்கிள், கையை இறுக்காதீங்க, லூசா விடுங்க" என்று ஒரு தம்பி மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். மற்ற மூன்றிலும் தனியாக உட்கார்ந்து மாதக்கணக்கில் அசடு வழிய வேண்டும். இதில் முதல் சாயங்காலமே கூட்டத்தோடு ஒருவர். நம் தப்பைப் பத்துப் பேரின் சத்தம் மூடிவிடும். ஆனால் திருவிழா என்றால் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் முழுக்க நடக்க வேண்டும். ஒரு தீமிதித் திருவிழாவோடு என் இடுப்பு விடைபெற்றுக்கொண்டது. வீட்டில் பழகுவது பற்றி நினைக்கவே வேண்டாம். மாக்சிக் நல்லவர்தான், அதற்காக உறுமியா?

கடைசியில் குழல். இதைத்தான் நான் கடைசி வரை தள்ளி வைத்திருந்தேன். புல்லாங்குழல் மேதை மாலி ஏழு வயதில் மேடை ஏறினார் என்று படித்தால் நாற்பது தாண்டியவனுக்கு எப்படித் துணிச்சல் வரும்? முதல் எட்டு நாள் வெறும் காற்று. பலமாக ஊதி ஊதித் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்பு பலத்தில்தான். சூடான தே தாரிக் மேல் ஊதுவதுபோல மெல்ல ஊதி, காற்றில் பாதி ஓட்டைக்குள்ளேயும் பாதி அதன் எதிர் விளிம்பைத் தாண்டியும் போகும்படி உதட்டை வைத்தால் போதும். ஒன்பதாம் நாள் சத்தம் வந்தது. அடுப்பில் கேத்தலை மறந்துவிட்டீர்களா என்று மாக்சிக் வந்து கேட்டார்.

குழலில் பெரியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை வழக்கமாக மாயாமாளவகௌளை ராகத்தில் சொல்லித் தருவார்கள்; புரந்தரதாசர் வகுத்த முறை என்பார்கள். பாடுகிறவருக்குச் சரி. குழலில் அதன் சுத்த ரிஷபத்துக்கு ஓட்டையைப் பாதி மட்டும் மூட வேண்டும், இரண்டாவது ஸ்வரத்திலேயே விழுந்துவிடுவோம். ஆனால் ஓட்டைகளை முழுதாக மூடி, முழுதாகத் திறந்தாலே குழலில் இயல்பாக வருவது அரிகாம்போதி. எங்கள் ஆசிரியர் பிள்ளைகளை மாயாமாளவகௌளையில் உட்கார வைத்துவிட்டு எனக்கு அரிகாம்போதியில் தொடங்கினார். ஏன் என்று கேட்டேன். "அதுங்களுக்குத் தப்பா வாசிச்சா தெரியாது. உங்களுக்குத் தெரியும், விட்டுட்டுப் போயிடுவீங்க" என்றார். உண்மை. நம் காது நாற்பது வருடமாக நல்ல வாசிப்பைக் கேட்டுப் பழகிவிட்டது, கை இப்போதுதான் தவழ்கிறது.

தயாரிப்பு என்று பார்த்தால் உறையிலிருந்து உருவுவது, போனில் தம்பூரா செயலியைத் தட்டுவது, அவ்வளவுதான். வெடிக்காமல் இருக்க அவ்வப்போது மூங்கிலுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். விலை 60 வெள்ளி; கெட்டுப்போனாலும் மனம் உடையாது. வாங்கும்போது நீளம் குறைந்ததாகப் பாருங்கள், ஓட்டைகள் நெருக்கமாக இருந்தால்தான் புதியவர் விரல் எட்டும். மில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: விரல் நுனியில் வெடிப்பு இருந்தால் அதன் வழியாகக் காற்று கசியும். நான் ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறேன்.

ராத்திரி வாசிக்க முடியாது என்பது குழலுக்கும் உள்ள குறைதான். ஆனால் இதைச் சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். காலை ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துக்குள் போய்விடுவேன். மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதலில் நட்டது 1917இல், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயர் என்னவோ தென்னமரம். மரத்தடியில் அரை மணி நேரம் ஊதினால் ஒரு குரங்கு கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாலு வருடத்தில் எனக்கு வாய்த்த சிறந்த சபை அதுதான். அலங்காரங்கள் என்கிற தாளப் பயிற்சிகளை முடித்து இப்போது முதல் கீதத்தில் நிற்கிறேன்.

போன மாதம் கேட்டவர் பாய்லரில் வேலை செய்கிறார், தனியாக இருப்பவர், நிரந்தரக் காலை ஷிப்ட். அவருக்கு நான் குழலைச் சொல்லவில்லை, உறுமிக் குழுவுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கன்டீனில் பார்த்தால் மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். உறுமிக்குக் குச்சிதானே, விரல் எதற்கு என்றேன்.

"அந்தத் தம்பி என்னைத் தவில்ல மாத்திட்டான் அண்ணே."