கட்டரும் சூவரும்: எதற்குக் கான், எதற்குப் பீலி?

யாழ்ப்பாணத்தில் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தித் தொங்குவது பீலி, வீதியோரம் ஓடும் நீர் வாய்க்கால் கான். ஆங்கிலத்தின் ‘கட்டர்’ (gutter) இரண்டையும் குறிக்கும். ஆகவே மொழிபெயர்ப்பவர் முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும்: கூரையா, வீதியா?

கட்டரின் வேர் ‘குட்டா’. இலத்தீனில் துளி. கூரையிலிருந்து சொட்டும் நீரை நினைத்தால் பீலிதான் அதற்கு நெருங்கிய உறவு. மூட்டு வீங்கும் ‘கவுட்’ நோயின் பெயரும் அதே துளியில் பிறந்தது. கெட்ட நீர் மூட்டில் சொட்டுவதாக இடைக்கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். விரித்த புத்தகத்தின் நடுப்பள்ளமும் அச்சகத்தாருக்குக் கட்டர். அங்கே கான் என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும்.

கழிவுநீர் வழியைக் குறிக்கும் ‘சூவர்’ (sewer) வந்த வழி வேறு. இலத்தீனில் வெளியே என்னும் ‘எக்ஸ்’, நீர் என்னும் ‘அக்குவா’ இரண்டும் சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்த சொல். முதலில் மீன்குளத்தின் மிகைநீரை வெளியேற்றும் வாய்க்காலையே குறித்தது. அழுக்குநீர் பின்னால் வந்த பொருள். இதே ஆங்கில எழுத்துக்களை ‘சோவர்’ என்று வாசித்தால் தைப்பவர். அது பழைய ஆங்கிலச் சொல், நீரோடு தொடர்பே இல்லை.

இன்றைய சூவர் பெரும்பாலும் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய். நம் வீட்டு மலக்குழியை அப்படி எழுதக்கூடாது: குழியில் கழிவு தேங்குகிறது, சூவரில் ஓடுகிறது. கான் என்றும் எழுத வேண்டாம். கான் மழைநீருக்கு, அதில் மலநீரைத் திருப்பினால் யாழ்ப்பாண நிலத்தடிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்கே வந்து சேரும்.