மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: காத்திருப்பைக் குறைக்கக் கற்ற ஒரு சேவை

வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் செலவு ஆகியவற்றை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவதுதான் லீன் மேலாண்மை என்றால், அதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. அம்மாவின் கண்புரைச் சிகிச்சைக்காகச் சென்றபோது, பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம் அளத்தல், சொட்டு மருந்து விடுதல் என ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களே முடித்துவிட்டதால், மருத்துவர் தம் நேரம் முழுவதையும் நோயைக் கணிப்பதற்கே செலவிட முடிந்தது.

அறுவை அரங்கின் ஒழுங்குதான் இந்தச் சேவையின் உயிர்நாடி. அங்கே அருகருகே இரண்டு மேசைகள் உண்டு. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளியைத் தயார்படுத்திவிடுவதால், மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிய உடனே அடுத்த கண்ணைத் தொடங்கிவிடுகிறார். வேகம் கவனத்தைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால், ஒரே வேலையை ஒரே வரிசையில் செய்து பழகிய கைகளில், அதுவும் சிகிச்சைக்குப் பின் எழும் சிக்கல்களைப் பதிவு செய்து ஆராயும் இடத்தில், தவறு குறையும் என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய நிறுவனம் இது. கண்புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற தங்கள் தயாரிப்புப் பிரிவின் மூலம் லென்ஸை இங்கேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். கட்டணம் செலுத்துவோரின் வருவாய் இலவசச் சிகிச்சையையும் தாங்குகிறது.

செல்பவர்கள் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. பழைய மருத்துவச் சீட்டுகளையும், சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலையும் மறவாமல் கொண்டுசெல்லுங்கள்.