மாடியில் மிளகாய்: பையா, மண்தொட்டியா, பழைய வாளியா?

மிளகாய்க்கு ஓரடி ஆழமும் ஓரடி அகலமும் இருந்தால் போதும். அதற்குக் குறைந்த தொட்டியில் செடி நிற்கும், காய்ப்பு சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

மண்தொட்டி வேருக்கு நல்லது. சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே சூடேறாது, வேரழுகலும் குறைவு. அதே காரணத்தால்தான் சித்திரை வெயிலில் காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் கேட்கும். ஒரு வேளை தவறினாலும் பூ கொட்டிவிடும். வெளிப்புறம் வெள்ளையாகப் பூப்பது உப்பு. மாதம் ஒருமுறை அடியில் நன்றாக வடியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். எடைதான் பெரிய சிக்கல். வெறும் மண் நிரப்பி நனைத்தால் ஒரு தொட்டி 30 கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக, பீம் மேலே வரிசையாக வையுங்கள்.

வளர்ப்புப் பை பாதி எடையில் முடிந்துவிடும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். அதிலிருக்கும் உப்பு இளநாற்றின் இலை நுனியைக் கருக்கிவிடும். ஒருமுறை எலும்பாகக் காய்ந்த கலவை தண்ணீரை உள்ளே இழுக்காது. மேலே ஊற்றியது பை ஓரமாக இறங்கி ஓடிவிடும், நடுவேர் காய்ந்தே கிடக்கும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு மூன்று முறை ஊற்றுங்கள். 220 ஜி.எஸ்.எம்-க்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை) குறைந்த மெல்லிய பை வெயிலில் சீக்கிரம் பொடிந்துவிடும். கறுப்புப் பை வேண்டாம், வேர் வெந்துவிடும்.

பழைய வாளியில் பார்க்க வேண்டியது, முன்பு அதில் என்ன இருந்தது என்பதுதான். எண்ணெய், மாவு, ஊறுகாய் வந்த வாளி என்றால் தாராளமாக எடுக்கலாம். அடியில் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 இருந்தால் இன்னும் நல்லது. பெயின்ட், பூச்சிமருந்து, ஆசிட் இருந்த எதுவும் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும். சாப்பிடப் போகும் காய் அது. வாளி தானாக வடிக்காது: அடியில் விரல் பருமனில் ஆறு துளை, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓரங்குல உயரத்தில் நாலு துளை போடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் பையை வாங்குவதே சரி. இரு வேளையும் வீட்டில் ஆள் இருந்தால் மண்தொட்டி. எதுவானாலும் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளத்தில் ஒட்டி உட்கார்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும், கூரையிலும் ஈரம் இறங்கும்.

இலைச்சுருட்டல் மட்டும் மூன்றிலும் ஒன்றுபோல வரும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, பறிக்க வேண்டிய காயைப் பறித்துவிட்டு, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.