மானசரோவருக்கு எந்த வழி: ஹெலிகாப்டரா, கேருங் சாலையா?

கயிலை யாத்திரைக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்களைப் பணத்துக்கு அடுத்தபடியாகக் குழப்புவது வழிதான். நானும் என் அக்காவும் நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா வழியாக ஹெலிகாப்டரில் போய் வந்தோம். அக்கா அறுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. மறுபடி போக வாய்த்தாலும் அந்த வழியையேதான் தேர்ந்தெடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்திய அரசின் யாத்திரையை முதலில் முடித்துவிடலாம். 2025-இல் அது மீண்டும் தொடங்கியபோது, உத்தராகண்டின் லிபுலேக் வழியில் 50 பேர் கொண்ட 5 குழுக்களும் சிக்கிமின் நாதுலா வழியில் அதே அளவிலான 10 குழுக்களும் அறிவிக்கப்பட்டன. மொத்தம் 750 பேர். வயது 70-க்கு மேல் இருக்கக் கூடாது, உடல் எடைக் குறியீடு 25-க்கு மேல் போகக் கூடாது, டெல்லியில் மருத்துவச் சோதனையில் தேற வேண்டும், இதற்கெல்லாம் முன்னால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். நான் அதில் போனதில்லை. போனவர்களிடம் கேட்டவரை, உடலை உயரத்துக்குப் பழக்குவதில் அதற்கு ஈடு கிடையாது. பெயர் விழுந்தால் கிளம்பிவிடுங்கள்.

மற்றவர்களுக்கு நேபாளம். காத்மாண்டுவிலிருந்து ரசுவாகடி எல்லையைக் கடந்து, திபெத்தின் கேருங், சாகா வழியாக பஸ்ஸில் போவது ஒன்று. நேபாள்கஞ்சிலிருந்து சிறு விமானத்தில் சிமிகோட், அங்கிருந்து ஹெலிகாப்டரில் ஹில்சா, எல்லை தாண்டி திபெத்தின் தக்லாகோட் என்பது மற்றொன்று. சாலை வழியில் செலவு குறைவு, பெட்டியின் எடைக்கும் கெடுபிடி குறைவு. இதில் வாதமே இல்லை.

வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. “சாலையில் மெதுவாக ஏறுவதால் உடம்பு பழகிவிடும், ஹெலிகாப்டரில் திடீரென்று தூக்கிப் போட்டால் மூச்சு முட்டும்” என்று பலரும் சொல்கிறார்கள். எங்களிடமும் சொன்னார்கள். 2015 நிலநடுக்கத்துக்கு முன்பு இந்த அறிவுரை சரியாகவே இருந்தது. அப்போது நேபாளத்தின் கோடாரி என்ற ஊரில் எல்லையைக் கடந்து, சுமார் 3,750 மீட்டர் உயரத்தில் உள்ள நியாலத்தில் தங்கி ஓய்வெடுத்து, அதன் பிறகு மேலே போவார்கள். நிலநடுக்கத்தோடு அந்த எல்லை மூடப்பட்டது. யாத்திரை கேருங்குக்கு மாறியது. அறிவுரை மட்டும் மாறவில்லை.

உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வரும் மலைநோயைப் பொறுத்தவரை, பகலில் எந்த உயரத்தைத் தொடுகிறோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் கூறும் பொது விதி. இரண்டு வழிகளையும் இந்த விதியில் வைத்துப் பாருங்கள். கேருங் சுமார் 2,800 மீட்டர், அடுத்த இரவு சாகாவில், சுமார் 4,500 மீட்டர். ஒரே நாளில் 1,700 மீட்டர்! மறுநாள் முழுக்க வண்டியில் போய், 5,000 மீட்டருக்கு மேலான கணவாய் ஒன்றையும் கடந்து, 4,590 மீட்டரில் மானசரோவர் ஏரிக்கரை. ஹெலிகாப்டர் வழியில் சிமிகோட் சுமார் 2,900, தக்லாகோட் சுமார் 3,900, பிறகு ஏரி. இதுவும் விதிக்குள் அடங்கவில்லைதான். ஆனாலும் 1,700 மீட்டர் தாவலைவிட 1,000, 700 என்ற இரண்டு தாவல்களும் நடுவே ஓர் ஓய்வு நாளும் எவ்வளவோ மேல்.

அந்த ஓய்வு நாளின் அருமையைக் கண்ணால் பார்த்தேன். தக்லாகோட்டில் காலை உணவு மேசையில் ஒவ்வொருவர் விரலிலும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். முதல் நாள் காலை அக்காவுக்கு 78. கஞ்சியைக்கூடத் தள்ளிவைத்துவிட்டார். மறுநாள் 86 காட்டியது. தலைவலி விட்டிருந்தது, தானாகவே இன்னொரு கரண்டி உப்புமா கேட்டார். அன்றே ராட்சச தால் என்ற ஏரியின் கரையோரமாகப் போய், குர்லா மாந்தாதா சிகரம் பார்த்திருக்க, மானசரோவரின் கரையில் தெம்பாக இறங்கினார். ஏரிக்குள் இறங்கிக் குளிக்க அனுமதியில்லை. வாளியில் மொண்டு கரையில் நின்றபடி தலைக்கு ஊற்றிக்கொண்டோம். கயிலை நோக்கிப் புறப்பட்ட அப்பர் பெருமான் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்த கதையைச் சிறுவயதில் எங்களுக்குச் சொன்னவர் அக்காதான். கயிலை தெரியும் கரையில் அவர் நின்றதை நான் மறக்க மாட்டேன்.

ஹெலிகாப்டர் வழியின் உண்மையான பலவீனம் வானிலை. 2018 ஜூலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் சிக்கிக்கொண்டார்கள். திரும்பும் டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுங்கள். சாலை வழியும் இதில் நம்பகமானதல்ல: 2025 ஜூலை வெள்ளத்தில் ரசுவாகடி எல்லைப் பாலமே அடித்துச் செல்லப்பட்டது.

கயிலையைச் சுற்றும் 52 கி.மீ. பரிக்ரமாவை நாங்கள் செய்யவில்லை. அந்தப் பாதையில் 5,600 மீட்டரைத் தாண்டும் டோல்மா கணவாய்க்கு எந்த வழியில் வந்தவர்கள் தெம்பாக ஏறுகிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஏரி வரைக்குமான கணக்குதான் இது.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் எந்த இரவு எந்த ஊரில் தங்கல் என்று எழுதி வாங்குங்கள். தக்லாகோட்டில் இரண்டு இரவுகள் இல்லை என்றால், ஹெலிகாப்டர் வழிக்காக நான் இவ்வளவு நேரம் சொன்னதில் பாதி செல்லாது. சாலையில்தான் போக வேண்டிய நிலை என்றால், சாகாவில் கூடுதலாக ஓர் இரவு கேளுங்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுக்கலாம்.