மஞ்சக் கடுதாசிக்கு முன்னால்: இரண்டு இடத்தில் பணம் கட்டினேன், ஒரு இடம்தான் தேறியது

திருப்பூரில் பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் எனக்குத் தைக்கத் துணி பீஸ் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி முதலில் "ரெண்டு வாரம் பொறுங்க" என்றது, அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அதற்கு முன்பே கடன் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டுவது, அதற்கு ஆப்பில் எடுப்பது, ஆப்புக்குக் கட்ட மச்சானிடம் கைமாற்று என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான், ஆர்டர் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது.

இப்படி நின்ற பிறகு நான் உதவி கேட்டுப் போன இரண்டு இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலாவது போனிலேயே நடக்கும் ஒரு "லோன் செட்டில்மென்ட்" கம்பெனி. இரண்டாவது கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் மாடியில் இருக்கும் ஒரு வக்கீல் அம்மாவின் ஆபீஸ். இரண்டின் பெயரையும் போடப்போவதில்லை, உள்பெட்டியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

செட்டில்மென்ட் கம்பெனிக்கு ஐந்தில் அரை நட்சத்திரம், அதுவும் போன் எடுத்த பெண்பிள்ளை மரியாதையாகப் பேசியதற்கு. சேரும்போது 6,000, மாதம் 5,500, நாலு மாதத்தில் மொத்தம் 28,000 ரூபாய் போனது. அவர்கள் சொன்னது ஒன்றுதான்: எல்லா இ.எம்.ஐ.யையும் நிறுத்துங்கள், மிச்சப்படுத்துகிற பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், பேங்க் தானே இறங்கி வரும், எங்கள் லீகல் டீம் பேசிக்கொள்ளும். லீகல் டீம் எனக்காக அனுப்பியது என் பெயரையே தப்பாகப் போட்ட ஒரு இமெயில். கார்டுக் கடன் மாதிரி ஈடு இல்லாத கடனுக்கு அந்த யோசனை ஓரளவு ஓடும் என்றே வைத்துக்கொள்வோம். மிஷின் லோன் அப்படியா? மிஷினே அதற்கு ஈடு. அதையும் சேர்த்து நிறுத்தச் சொன்னார்கள், நானும் நிறுத்தினேன், ஐந்து ஓவர்லாக்கும் இரண்டு பேட்லாக்கும் டெம்போவில் ஏறிப் போனதை என் பையன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கம்பெனிக்குப் போன் செய்தால், "சார், உங்க டிக்கெட் ரெய்ஸ் ஆயிடுச்சு" என்றார்கள். ஒரு பேங்கிலிருந்து ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது) வந்தபோதும் அதே டிக்கெட்தான்.

அவர்கள் சொல்லாத இன்னொன்று: பாதிக்குப் பேசி முடித்தால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்றுதான் ஏறும், கட்டி முடித்த கணக்காக ஏறாது. தெரிந்தே ஒத்துக்கொண்டால் தப்பில்லை. எனக்குத் தெரியாது.

சரி, வக்கீல் ஆபீஸ்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை நிறைய. வண்டி நிறுத்த இடமில்லை. மாடிப்படியில்தான் காத்திருக்க வேண்டும், ஐந்து மணிக்கு வரச் சொன்னால் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுவார்கள், தண்ணீர் கேன் இருக்கும், டம்ளர் இருக்காது. வக்கீல் அம்மா போனை எடுக்கவே மாட்டார், குமாஸ்தா ஐயாவிடம்தான் பேச வேண்டும், அவரோ எது கேட்டாலும் "ஜெராக்ஸ் மூணு செட்" என்பார். ஜெராக்ஸுக்கு மட்டுமே எனக்கு இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. அப்புறம், அந்த அம்மா திட்டுவார். நல்லாவே திட்டுவார். முதல் தடவை பேச 1,000, மொத்த பீஸ் 35,000, மூன்று தவணை, கோர்ட் செலவும் பேப்பர் விளம்பரமும் தனி.

இவ்வளவுக்கும் நாலரை நட்சத்திரம் ஏன் தருகிறேன் என்றால், அவர் எனக்குச் செய்துகொடுத்ததைவிடச் செய்யவிடாமல் தடுத்தது அதிகம்.

எங்கள் பக்கம் "ஐ.பி. கொடுத்துட்டான்", "மஞ்சக் கடுதாசி விட்டுட்டான்" என்று சொல்வார்களே, கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் போடும் திவால் மனு (இன்சால்வென்சி பெட்டிஷன்), அதைப்பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது இவ்வளவுதான்: சொத்தைப் பெண்டாட்டி பேருக்கு மாற்ற வேண்டியது, சொந்தக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்து வாயை அடைக்க வேண்டியது, அப்புறம் கோர்ட்டில் ஒரு மனு போட்டுவிட்டு வெள்ளை வேட்டியுடன் நடமாட வேண்டியது. டீக்கடையில் கேட்டால் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு மூன்று சென்ட் இடம் இருக்கிறது. முதல் நாளே கேட்டேன், அதை வீட்டுக்காரம்மா பேருக்கு தான செட்டில்மென்ட் எழுதிவிடட்டுமா என்று.

பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்ப மாட்டிவிட்டார். "தம்பி, அது உங்க வீட்டம்மா கைக்குப் போகாது, ரிசீவர் கைக்குத்தான் போகும். நடுவுல ஸ்டாம்ப் டூட்டி வேற கட்டியிருப்பீங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்புறம்தான் விளக்கினார். ரிசீவர் என்றால் திவாலானவன் சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கோர்ட் போடும் ஆள். 2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறதாம். என்னைப் போன்ற ஆளுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். சென்னைக்கு 1909-ல் போட்டது, மற்ற ஊர்களுக்கு 1920-ல் போட்டது. அந்த 1920 சட்டத்தின்படி, மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் சரியான விலை வாங்காமல் யாருக்காவது சொத்தை எழுதிக்கொடுத்திருந்தால் கோர்ட் அதை ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள், மற்றவர்களை விட்டுவிட்டு ஒருத்தருக்கு மட்டும் சாதகமாகக் கடனை அடைத்திருந்தால் அதுவும் செல்லாது. இரண்டாவதைக் கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. மச்சானுக்கு 1,20,000 தர வேண்டும், அதற்காக வண்டியை விற்க ஆள் பார்த்து அட்வான்ஸ் வாங்கும் நிலையில் இருந்தேன். "வண்டியை விக்கவும் வேண்டாம், அவருக்கு மட்டும் தரவும் வேண்டாம். அவரையும் லிஸ்ட்ல சேருங்க" என்றார். வீட்டில் போய் இதைச் சொன்ன ராத்திரி என்ன நடந்தது என்பதை இந்த விமர்சனத்தில் எழுத முடியாது.

லிஸ்ட் என்றேனே, அதுதான் இந்த ஆபீஸின் நிஜமான சரக்கு. நான் ஒரு ஜவுளிக்கடைப் பை நிறைய பேப்பரைக் கொண்டுபோய்க் கொட்டினேன். குமாஸ்தா ஐயா ஒரு நீள நோட்டை எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்: யாருக்கு, முகவரி, எந்தத் தேதி, அசல், இதுவரை கட்டியது, எழுத்து என்ன இருக்கிறது, ஈடு உண்டா. "மொய் நோட்டைத் தவிர எல்லாத்தையும் எடுங்க" என்றார். வாயால் கேட்டபோது பதினோரு பேர், பதினெட்டு லட்சம் இருக்கும் என்றிருந்தேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதி முடித்தபோது பத்தொன்பது பேர், 24,95,000. பர்சனல் லோன் இரண்டு 9,20,000, கார்டு நாலு 5,10,000, மிஷின் லோன் 3,60,000, புரோநோட்டு இரண்டு 3,00,000, கைமாற்று மூன்று 1,80,000, ஆப் ஐந்து 1,35,000, நூல் கடையும் மெக்கானிக்கும் சேர்ந்து 90,000. ஆப் கடனில்தான் திண்டாட்டம், ஏனென்றால் போனில் தெரிவது ஆப்பின் பெயர், கடன் கொடுத்தது வேறு ஏதோ ஒரு பைனான்ஸ் கம்பெனி, அதன் பெயரைக் கடன் ஒப்பந்தத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். ஐந்துக்கும் பிடித்தார்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இரண்டு வருடம் கழித்து ஒழுங்காகத் தூக்கம் வந்தது, ஏன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை.

சொத்துப் பக்கமும் அதே மாதிரி எழுதினார்கள். எது போகும் எது போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவனின் கருவி, பி.எஃப். பணம், இவற்றை ஜப்தி செய்ய முடியாது. தாலி மாதிரி மத வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத நகையும் அப்படித்தான். மூலையில் ஒரு பழைய சிங்கர் மிச்சம் இருந்தது, "அதைக் கருவின்னு கேட்டுப் பார்ப்போம்" என்றார் வக்கீல் அம்மா, கிடைக்கும் என்று உறுதி தரவில்லை. மூன்று சென்ட் போகும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

இன்னொரு விஷயமும் பிடித்தது. மனு போட்டால் பீஸ் வரும் என்பதற்காக அவசரப்படுத்தவில்லை. "ஐ.பி. போட்டே ஆகணுமா?" என்று கேட்டு, மாதம் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட வைத்தார். கார்டு மட்டும் என்றால் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடித்திருக்கலாமாம். எனக்கு மிஞ்சுவது நாலாயிரம், புரோநோட்டுக்காரர் ஒருவர் ஏற்கனவே டிக்ரி (பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு) வாங்கிவிட்டார், அதனால் மனு என்று முடிவானது. மனு போட்டதும் எல்லாரும் வாயை மூடிவிடுவார்கள் என்ற நினைப்பையும் உடைத்தார். நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான், கோர்ட் அனுமதி இல்லாமல் தனித்தனியாக வழக்கு போட முடியாது. ஈடு வாங்கியவன் ஈட்டை எடுப்பதை அதுவும் தடுக்காது. செக் கொடுத்து அது திரும்பி வந்திருந்தால் அந்த கிரிமினல் கேஸ் தனி, ஐ.பி. அதற்குக் குடை பிடிக்காது. ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது. அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதும், கடனிலிருந்து விடுவித்துக் கோர்ட் கடைசியில் போடும் விடுதலை உத்தரவோடு அழிந்துவிடாது. நல்லவேளை, எனக்கு ஜி.எஸ்.டி. பாக்கி இல்லை.

வசூல் ஆட்களைச் சமாளிக்கவும் வழி சொன்னார். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் தேதி, நேரம், நம்பர் மூன்றையும் குறித்து முதலில் பேங்குக்கே எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). ஒரே ஒரு புகார்தான் எழுதினேன், ராத்திரி போன் நின்றது.

சட்டம் பழசு என்பது சில இடங்களில் சிரிப்பாக இருக்கும். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம், என் டீக்கடை அக்கவுண்டே அதைத் தாண்டும். உத்தரவு வந்த பிறகு, நான் நொடித்தவன் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம், ஆறு மாதம் வரை ஜெயில். அதனால் மளிகைக்கடை நோட்டை இப்போதே மூடியாச்சு. "கவுன்சிலருக்கு நிக்கிற ஆசை இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நிக்க முடியாது" என்றார், அன்றைக்குத்தான் அந்த ஆபீஸில் முதல்முறை சிரித்தேன். சிரிப்பு வராத ஒன்று: சொத்து மதிப்பு ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா கூடத் தேறாவிட்டால், அதற்கு நான் பொறுப்பில்லை என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் கோர்ட் முழு விடுதலை தராது. கடைசி மூன்று வருடக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லாவிட்டாலும் அதே கதி. அதற்காகத்தான் ஆர்டர் ரத்தான வாட்ஸ்அப் செய்தி, டெலிவரி சலான், கரண்ட் பில் எல்லாம் கேட்டு வாங்கினார். நான் அழித்துவிட்டிருந்த பழைய செய்திகளைக் கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது. யாராவது இந்த நிலையில் இருந்தால், கோபத்தில் எதையும் டெலீட் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

அரை நட்சத்திரம் குறைத்தது படிக்கட்டுக்கு. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துப் போங்கள். பீஸ் கட்டவே முடியாது என்றால் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், 15100-க்குக் கூப்பிட்டும் கேட்கலாம். பெண்களுக்கும் வருமானம் குறைவானவர்களுக்கும் வக்கீல் இலவசம். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த 28,000 கையில் இருந்திருக்கும்.

மனு சப் கோர்ட்டில் நம்பர் ஆகிவிட்டது. பத்தொன்பது பேருக்கும் நோட்டீஸ் போனது, பட்டியலில் பதினாலாவது மச்சான். அமீனா கொண்டுபோய்க் கொடுத்த அன்று சாயங்காலமே வந்தார், ஐந்து மாதம் கழித்து வீட்டுப் படி ஏறுகிறார். காபி கொடுத்தாள் அவர் தங்கச்சி. நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், எடுத்துப் பிரித்து, "ஏன் மாப்ள, இதுக்கு நான் வரோணுமா, வக்கீல் வெக்கோணுமா?" என்றார். வந்தால் போதும், தர வேண்டிய தொகை சரியென்று சொன்னால் போதும் என்றேன். "1,20,000தானே போட்டிருக்கே, அந்த டயருக்குக் குடுத்த ஆறாயிரம் எங்க?" என்றார். அதை மறந்தே போயிருந்தேன். நாளைக்குக் குமாஸ்தா ஐயாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், ஜெராக்ஸ் மூன்று செட்டோடு.