செம்பூர் வீட்டில் ஒரு கைகர் கருவி: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மும்பையின் செம்பூர்வாசி கையில் கதிர்வீச்சைக் கண்டறியும் கைகர் கருவியைப் பார்த்தால், "பக்கத்து டிராம்பே அணு உலையை அளக்கவா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கதிர்வீச்சை எப்படிக் கண்டறிந்து அளக்கிறார்கள் என்று மகளோடு சேர்ந்து கற்கத்தான் இதை வாங்கினேன். அந்த வகையில் கொடுத்த காசு வீண்போகவில்லை.

உள்ளே குறைந்த அழுத்தத்தில் நியான் வாயு அடைத்த சிறு குழாய். நடுக்கம்பியில் ஏறத்தாழ 400 வோல்ட். கதிர் பட்டு ஓர் எலக்ட்ரான் விடுபட்டால் போதும், மின்பெருக்காகி 'டிக்' என்கிறது. 1928இல் கைகரும் முல்லரும் உருவாக்கிய அமைப்பு. கதிரின் ஆற்றல் கூடவா குறைவா என்று அதற்குத் தெரியாது. திரையில் பெரிதாகத் தெரியும் மைக்ரோ சீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), பெரும்பாலும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளின் கதிரை வைத்துப் போட்ட கணக்கு. வேறு பொருள்களுக்கு அப்படியே பொருந்தாது. நான் 'டிக்'குகளின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறேன்.

அதற்கும் பொறுமை வேண்டும். வீட்டில் நிமிடத்துக்கு 25 வாக்கில் வரும். அடுத்த நிமிடமே 18 ஆகலாம், 33 ஆகலாம். கருவியில் கோளாறு எதுவுமில்லை, கதிரியக்கத்தின் இயல்பே அதுதான். 100 எண்ணினால் பிழை 10 சதவீதம். 10,000 எண்ணினால் 1 சதவீதம். அந்த 10,000 சேர ஓர் இரவு முழுக்க ஓடவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை பொட்டாஷ் உரம். நர்சரியில் வாங்கிய பொட்டலத்தின் மேல் குழாயை ஒட்டி வைத்தால் எண்ணிக்கை ஏறுகிறது. இயற்கைப் பொட்டாசியத்தில் 0.012 சதவீதமே உள்ள, கதிரியக்கம் கொண்ட பொட்டாசியம்-40 செய்கிற வேலை! இடையே தாள்களை ஒவ்வொரு கட்டாகச் செருகி, ஒவ்வொரு முறையும் நெடுநேரம் எண்ணி, மகள் வரைபடம் போட்டாள். கோடு சரிந்துகொண்டே வந்து, தடித்த புத்தக அளவுக்குப் பிறகு சரிவது நின்றுவிட்டது. எலக்ட்ரான்களான பீட்டா கதிர்கள் தாளோடு நின்றுவிட, மிஞ்சியது அதிகம் ஊடுருவும் காமா கதிரும் சுற்றுப்புறக் கதிர்வீச்சும்.

குறைகளும் உண்டு. மூன்றாவது வகையான, எளிதில் தடுபடும் ஆல்பா கதிர் என் கருவியின் குழாய்ச் சுவரைத் தாண்டாது. அதற்கு மெல்லிய மைக்கா தகட்டைச் சன்னலாக வைத்த குழாய் வேண்டும். எந்தத் தனிமம் என்பதையும் இது சொல்லாது. அது சோடியம் அயோடைடு படிகம் வைத்த கருவியின் வேலை. மீனும் அரிசியும் பாதுகாப்பானவையா என்று இதில் பார்க்கலாம் என விளம்பரம் செய்வது அநியாயம். உணவில் கலந்திருக்கும் சிறிதளவு மாசு சுற்றுப்புற எண்ணிக்கையிலேயே மறைந்துவிடும். அதற்காக வாங்காதீர்கள்.

கற்பதற்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். எண்ணிக்கையை நிமிடவாரியாகக் கணினியில் பதியும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.